தட்டைத் திருப்பிப் பார்த்து வாங்குவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட தட்டுகளையும் கிண்ணங்களையும் பழைய பொருள் கடைகளிலும் திறந்தவெளிச் சந்தைகளிலும் தேடிச் சேகரிப்பவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையை இருமுறை படித்தேன். இந்தப் பித்து எனக்கும் 20 ஆண்டுகளுக்கு மேலாக உண்டு என்பதால் முதல் முறை மகிழ்ச்சியோடு படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது மகிழ்ச்சி குறைந்து கவலை மிஞ்சியது. அந்தக் கவலையைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருப்பதால், கடிதத்தின் நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

கட்டுரையின் தலைப்பில் ஒரு வண்ணப்படம் இருந்தது. ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட நிறத்தில், வட்டத்துக்குள் வட்டமாக வரிகள் ஓடும் ஒரு தட்டு. அதன் மேல் நறுக்கி வைத்த எலுமிச்சைத் துண்டுகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அக்காலப் பாத்திரங்கள் இன்றைய பொருட்களைப் போல இரசாயனம் கலந்தவை அல்ல, அச்சமின்றி அன்றாடம் அவற்றில் உணவு பரிமாறலாம் என்ற பொருளில் படத்தின் கீழே ஒரு வரியும் இருந்தது. கட்டுரையில் வேறு சில பிழைகளும் உண்டு. அவை மட்டும் இருந்திருந்தால் புன்னகையோடு பக்கத்தைப் புரட்டியிருப்பேன். அந்த ஒரு வரியையும் அந்த எலுமிச்சையையும் அப்படி விட மனம் வரவில்லை.

பழைய தட்டுகளில் சாப்பிடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. என் வீட்டில் இன்று காலை உணவு பரிமாறியதும் 60 வயதைத் தாண்டிய ஒரு தட்டில்தான். ஆனால் அந்தத் தட்டின் பக்கத்திலேயே அலமாரியில் இருக்கும் வேறொரு தட்டில் ஒரு வாய் உணவைக்கூட வைக்க மாட்டேன். மேலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எந்தப் பொருளால் ஆனது, எந்தப் பூச்சு, சித்திரம் பூச்சுக்கு அடியில் உள்ளதா மேலே உள்ளதா, எந்தக் காலத்தில் யார் செய்தது ஆகியவற்றைத் தெரிந்துகொண்டால்தான் எது உணவுக்கு உரியது, எது பார்வைக்கு உரியது என்று பிரிக்க முடியும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை தட்டின் அடிப்பக்கத்தில் தொடங்குகிறது. தங்கள் கட்டுரையோ நிறம், வடிவம், வீட்டுச் சுவருக்குப் பொருத்தம் ஆகியவற்றை மட்டுமே பேசி, வாசகரை மேற்பக்கத்தோடு நிறுத்திவிட்டது.

பழைய தட்டுகளில் முதன்மையான கவலை ஈயம், அதாவது காரீயம் என்ற நச்சு உலோகம். அது பழைய பீங்கான் பூச்சில் இருந்தது யாரோ செய்த கலப்படத்தால் அல்ல. அது அக்காலத் தொழில்நுட்பத்தின் இயல்பான பகுதி. ஈய ஆக்சைடு சேர்ந்த பூச்சு குறைந்த வெப்பத்திலேயே உருகி, மண்ணின் மேல் சீராகப் படர்ந்து, ஆழமான பளபளப்பைத் தரும். சிறு குமிழிகளையும் குழிகளையும் தானே மூடிக்கொள்ளும். நாம் இன்று பழைய தட்டுகளில் கண்டு வியக்கும் அந்த எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பில் ஈயத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதுபோலவே அடர்ந்த மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் பலவற்றுக்குக் காட்மியம் என்ற மற்றொரு நச்சு உலோகம் அடிப்படை. சரியான கலவையில், சரியான வெப்பத்தில் சுட்ட பூச்சுக்குள் ஈயம் கண்ணாடியோடு கண்ணாடியாகப் பிணைந்திருக்கும். அவ்வளவு எளிதில் வெளியே வராது. சூளையின் வெப்பம் போதாமல் போனதா, கலவை பிசகியதா, 60 ஆண்டுத் தேய்மானம் அந்தப் பிணைப்பைத் தளர்த்திவிட்டதா என்பதை வெறும் கண்ணால் அறிய முடியாது என்பதே சிக்கல்.

பூச்சிலிருந்து ஈயத்தை வெளியே இழுப்பவை மூன்று: புளிப்பு, சூடு, நேரம். காய்ந்த பண்டம் ஒன்றைச் சில நிமிடங்கள் தட்டில் வைத்து எடுப்பதற்கும், புளிப்பான சாற்றைக் குடுவையில் ஊற்றி இரவு முழுவதும் வைப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பீங்கானிலிருந்து கசியும் ஈயத்துக்கு வகுத்துள்ள வரம்புகளும் இதையே காட்டுகின்றன. சோதனைக் கரைசலில் ஒரு மில்லிலிட்டருக்குத் தட்டிலிருந்து 3 மைக்ரோகிராம் வரை கசியலாம் என்றால், கோப்பைக்கும் குடுவைக்கும் அந்த வரம்பு 0.5 மைக்ரோகிராம்தான். கோப்பையில் திரவம் தேங்கி நிற்கும். பெரும்பாலும் அது சூடாகவும் இருக்கும். ஒரே நாளில் பலமுறை வாய்க்குப் போகும். எனவே பழைய தட்டை விடப் பழைய கோப்பையில்தான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். பலரும் இதை நேர் எதிராகச் செய்கிறார்கள்: தட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கோப்பையில் நாள்தோறும் காபி குடிக்கிறார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சிறு குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடவே கூடாது.

இனி அந்தப் படத்தில் இருந்த தட்டுக்கு வருகிறேன். வட்ட வட்டமான வரிகளையும் நிறத்தையும் பார்த்தால் அது ஃபியஸ்டா வகை என்றே தோன்றுகிறது. மேற்கு வர்ஜீனியாவின் நியூவெல் என்ற ஊரிலிருந்த ஹோமர் லாஃப்லின் நிறுவனத்துக்காக ஃபிரெடரிக் ஹர்ட்டன் ரீட் வடிவமைத்து 1936இல் வெளிவந்தவை இவை. அதன் தொடக்க நிறங்களுள் ஒன்றான சிவப்புக்கு அந்த நிறத்தைக் கொடுத்தது யுரேனிய ஆக்சைடு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு யுரேனியத்தைத் தன் வசம் எடுத்துக்கொண்டதால் 1943இல் அந்தச் சிவப்பு நின்றுபோனது. ஒரு சாப்பாட்டுத் தட்டின் நிறம் அணுகுண்டுத் திட்டத்தால் மாறிய கதையை வேறு எந்தப் பாத்திரத்தைப் பற்றியும் நான் கேட்டதில்லை. 1959இல் செறிவு நீக்கிய யுரேனியத்தோடு (அணுகுண்டுக்கு உதவும் பகுதியைப் பிரித்தெடுத்த பின் எஞ்சுவது) அதே சிவப்பு மீண்டும் வந்து 1972 வரை தொடர்ந்தது. பின்னர் அந்த வகையே சில ஆண்டுகள் இல்லாமல் போய், 1986இல் ஈயமற்ற பூச்சோடு புதிதாகப் பிறந்தது.

அந்தப் பழைய சிவப்புத் தட்டு அலமாரியில் இருப்பதால் வீட்டுக்காரருக்குத் தீங்கு நேரும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இத்தகைய கதிரியக்கப் பூச்சுள்ள பீங்கானில் உணவையும் பானத்தையும் வைக்க வேண்டாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே அறிவுறுத்துகிறது. புளிப்புள்ள எலுமிச்சையை வைப்பதற்கு அதை விடப் பொருத்தமற்ற தட்டு ஒன்றை நான் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஓவியர் ஆண்டி வார்ஹால் ஃபியஸ்டாவைக் குவித்து வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின் 1988இல் அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தபோது அவையும் விற்கப்பட்டன. அந்தச் செய்திக்குப் பிறகு ஃபியஸ்டாவைத் தேடுவோர் பெருகியதில் வியப்பில்லை. பழையதும் புதியதும் ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வடிவில், ஒரே மேசையில் கலந்து விற்கப்படும் நிலையில், பெயரை மட்டும் கேட்டு வாங்குபவர் எதை வாங்கினார் என்பது அவருக்கே தெரியாது.

அடுத்து, சித்திரம். பூச்சுக்கு அடியில் தீட்டப்பட்ட சித்திரத்தின் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலம் காவலாக இருக்கும். பூச்சுக்கு மேல் ஒட்டப்பட்ட சித்திரத்துக்கு அந்தக் காவல் இல்லை. அதை ஏறத்தாழ 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தனியாகச் சுட்டிருப்பார்கள். அந்தக் குறைந்த வெப்பத்தில் நிறம் உருகி ஒட்டுவதற்காகவே அக்கால வண்ணங்களில் ஈயம் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. இரண்டையும் பிரித்தறிய எந்தக் கருவியும் தேவையில்லை. தட்டை ஒளிக்குச் சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்பினால், மேற்பூச்சுச் சித்திரம் உள்ள இடத்தில் பளபளப்பு மாறும். விரல் நுனியால் தடவினால் ஓரத்தில் ஒரு சிறு மேடு தட்டுப்படும். தட்டின் நடுவில் பூ மங்கி, விளிம்பில் மட்டும் பளிச்சென்று இருந்தால், நடுவிலிருந்த வண்ணம் எங்கே போனது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அது யாரோ சிலருடைய உணவோடு போனது.

கட்டுரையாளர் மிகவும் புகழ்ந்திருக்கும் வண்ணக் கண்ணாடிக் கிண்ணங்களின் நிலை வேறு. கார்னிங் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பைரெக்ஸ் என்ற பெயர் 1915 முதல் இருந்தாலும், மஞ்சள், பச்சை, சிவப்பு, நீலம் என ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அந்த நான்கு கிண்ணங்கள் 1945இல்தான் வந்தன. அவற்றில் வண்ணம் வெளிப்புறத்தில் மட்டுமே உண்டு. உள்ளே வெறும் வெள்ளைக் கண்ணாடி. உணவு வண்ணத்தைத் தொடுவதில்லை என்பதால் இவற்றைப் பலரும் கவலையின்றிப் பயன்படுத்துகிறார்கள்; ஓரளவுக்கு அது நியாயமே. ஆனால் யாரும் பேசாத ஒன்று உண்டு. இந்தக் கிண்ணங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைப்பதுதானே வழக்கம்? அப்போது சிறிய கிண்ணத்தின் வெளிப்புற வண்ணம் பெரிய கிண்ணத்தின் உட்புறத்தில் நாள்தோறும் உரசிக்கொண்டிருக்கும். அக்கால வெளிப்புற வண்ணத்தில் ஈயம் உண்டு. இடையே ஒரு மெல்லிய துணியோ தாளோ வைத்தால் போதும். வண்ணமும் பிழைக்கும், உட்புறமும் சுத்தமாக இருக்கும். தடவினால் விரலில் மாவு போல வண்ணம் ஒட்டும் கிண்ணத்தை நான் சமையலறைக்குள்ளேயே விடுவதில்லை.

அப்படி மாவு போல் ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் பாத்திரம் கழுவும் இயந்திரம். அதில் போடும் தூளின் காரமும் சூடும் சேர்ந்து சில மாதங்களில் மேற்பூச்சை அரித்துவிடும். 1957இல் வெளிவந்த, வெள்ளையும் இளஞ்சிவப்புமாக நெல்லிக்கொடிச் சித்திரம் போட்ட கிண்ணம் ஒன்றை நானே தொடக்க காலத்தில் அப்படிப் பாழாக்கினேன். இரண்டு மாதம்தான்; இளஞ்சிவப்பு சுண்ணாம்பு நிறமாயிற்று. அந்தக் கிண்ணம் இப்போது தோட்டத்துக் கருவிகளுக்கு நடுவே ஆணிகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.

பைரெக்ஸ் என்ற பெயருள்ள எதையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராகச் சூட்டடுப்பில் வைக்கலாம் என்று கட்டுரை சொல்வதும் சரியன்று. வெப்ப மாற்றத்தைத் தாங்குவதில் பெயர்பெற்ற போரோசிலிகேட் கண்ணாடி, தெளிவான பழைய பைரெக்ஸுக்கு உரியது. அந்த வண்ணக் கிண்ணங்களின் வெள்ளைக் கண்ணாடியோ, சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடியை வெப்பத்தால் இறுகச் செய்தது. அடி தாங்குவதில் அது கெட்டிதான். திடீர்க் குளிர்–சூட்டு மாற்றத்தைத் தாங்குவதில் அவ்வளவு கெட்டியில்லை. உண்மையிலேயே அதைத் தாங்கும் பொருள் கார்னிங்வேர். கார்னிங் நிறுவனத்தின் ஆய்வாளர் டொனால்டு ஸ்டூக்கி 1953இல் 600 டிகிரியில் சூடாக்க வேண்டிய கண்ணாடித் துண்டு, உலை பழுதானதால் 900 டிகிரிக்குப் போய்விட்டது. பாழாயிற்று என்று வெளியே எடுத்தபோது கைதவறிக் கீழே விழுந்தும் அது உடையவில்லை. அந்தப் பிசகிலிருந்து பிறந்த கண்ணாடிப் பீங்கானே 1958 முதல் நீலப் பூச் சித்திரத்தோடு சமையலறைகளுக்கு வந்தது. கார்னிங்வேர், பைரெக்ஸ் ஆகிய இரு பெயர்களும் ஒரே நிறுவனத்தில் பிறந்தவை என்பதால், ஒன்றின் குணத்தை மற்றொன்றின் தலையில் கட்டிவிடுகிறோம். அடியிலுள்ள எழுத்தைப் படித்தால் இந்தக் குழப்பமே இல்லை.

அதே நிறுவனம் 1970இல் கொண்டுவந்த, மூன்று அடுக்குக் கண்ணாடியால் ஆன கோரல் தட்டுகளைப் பற்றியும் ஒரு சொல். 2005ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட தட்டுகளை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுமாறு அந்த வணிகப் பெயருக்கு உரியவர்களே பரிந்துரைக்கிறார்கள். செய்தவரே தயங்கும் இடத்தில் நாம் ஏன் துணிந்து உறுதிமொழி கொடுக்க வேண்டும்? மெலமைன் தட்டுகளும் அக்காலத்தின் சின்னங்களே. அவை ஞெகிழி வகை, சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சுப் பொருள் கசியும், எனவே நுண்ணலை அடுப்பு அவற்றுக்கு ஆகாது என்பதோடு அதை முடித்துக்கொள்கிறேன்.

அடிப்பக்கத்தைப் படிப்பது என்றால் நிறுவனத்தின் பெயரைப் படிப்பது மட்டுமன்று. 1890இல் அமெரிக்கா இயற்றிய இறக்குமதி வரிச் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பொருட்களில் நாட்டின் பெயரைப் பொறிப்பது கட்டாயமாயிற்று; எனவே நாட்டின் பெயரே இல்லாத முத்திரை ஒரு காலத்தையும், பெயர் உள்ள முத்திரை வேறொரு காலத்தையும் சுட்டக்கூடும். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்ற சொற்கள் இருந்தால் அது போருக்குப் பிந்தைய, 1952இல் ஆக்கிரமிப்பு முடிவதற்கு முந்தைய ஏற்றுமதிப் பொருள். ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. நுண்ணலை அடுப்புக்கு ஏற்றது என்று அச்சிட்டிருந்தால், விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்தாலும் அது 1950களின் தட்டு அல்ல. இந்தச் சிறிய எழுத்துகளைப் படிக்கப் பழகிய பிறகு, சந்தையில் ஒரு மேசையைக் கடக்க எனக்கு முன்னைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுவருவது பாதியாகக் குறைந்துவிட்டது. என் மனைவி இதை என் வாழ்வின் மிகப் பெரிய முன்னேற்றமாகக் கருதுகிறார்.

முழுத் தொகுதியாகக் கிடைத்தாலன்றி வாங்காதீர்கள் என்ற கட்டுரையின் அறிவுரையும், பாத்திரங்களின் வரலாற்றைப் பாராமல் சொன்னது. அக்காலத்தின் சிறந்த வடிவமைப்பாளர்கள் பலர் முழுத் தொகுதி என்ற எண்ணத்தையே உடைக்க முயன்றவர்கள். ரஸ்ஸல் ரைட் வடிவமைத்து ஸ்டூபன்வில் நிறுவனம் 1939 முதல் 1959 வரை செய்த ‘அமெரிக்கன் மாடர்ன்’ தட்டுகளின் அழகே, பவளமும் சாம்பலும் கடல்நுரை நீலமும் ஒரே மேசையில் கலந்து நிற்பதுதான். பின்லாந்தின் அரபியா நிறுவனத்துக்காகக் காய் ஃபிராங்க் 1953இல் கொண்டுவந்த ‘கில்டா’ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. விருந்துக்கு ஒரு தொகுதி, அன்றாடத்துக்கு ஒரு தொகுதி என்று வைக்க இடமும் பணமும் இல்லாத குடும்பங்களுக்காக, தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வாங்கி, ஒன்றோடொன்று அடுக்கி, எதனோடும் சேர்த்துப் பயன்படுத்தும்படி அவர் அதை அமைத்தார். அதன் வாரிசான ‘டீமா’ 1981 முதல் கிடைக்கிறது. ஒற்றைத் தட்டாக மேசையின் ஓரத்தில் கிடப்பதைக் குறை என்று ஒதுக்குபவர், அந்தத் தட்டு எதற்காகப் பிறந்ததோ அதையே அறியாமல் ஒதுக்குகிறார்.

இங்கிலாந்துப் பாத்திரங்களில் திடீரென்று 1950களில் சித்திரங்கள் வெடித்துக் கிளம்புவதற்கும் காரணம் உண்டு. போர்க்காலக் கட்டுப்பாட்டால் உள்நாட்டுச் சந்தைக்குச் சித்திரமில்லாப் பாத்திரங்களே அனுமதிக்கப்பட்டன. அந்தத் தடை 1952இல்தான் முழுதாக நீங்கியது. பத்து ஆண்டுகளாக வெள்ளைத் தட்டையே பார்த்துச் சலித்த கண்களுக்கு மிட்வின்டர் நிறுவனத்தில் ஜெஸ்ஸி டெய்ட் வரைந்த கோடுகள் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ரிட்ஜ்வே நிறுவனத்துக்காக ஈனிட் சீனி வரைந்த ‘ஹோம்மேக்கர்’ தட்டில் பூவும் இல்லை, பறவையும் இல்லை. வளைதடி வடிவ மேசை, சோபா, விளக்கு, தொட்டிச் செடி என அந்தக் காலத்து வரவேற்பறையே கறுப்பு வெள்ளையில் சிதறிக் கிடக்கிறது. அது மாளிகைகளுக்குச் செய்யப்பட்டதன்று. உல்வொர்த்ஸ் கடைகளில் எளியவர்கள் வாங்கிச் சென்றது. இன்று அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூசிப்பதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது, சற்றுப் பெருமையும் வருகிறது.

வாங்கும்போது கைகளுக்கு என்ன வேலை என்பதையும் சொல்ல வேண்டும். தட்டை விரல் நுனிகளின் மேல் தாங்கி, மறு கையின் விரல் முட்டியால் மெல்லத் தட்டினால், முழுமையான பீங்கான் மணி போல ஒலிக்கும். விரிசல் உள்ளது அடைத்த குரலில் முனகும். கெட்டியான மண்பாண்ட வகைகள் இயல்பாகவே மந்தமாக ஒலிக்கும் என்பதால், அதே வகையின் இன்னொரு தட்டோடு ஒப்பிட்டுக் கேட்பது நல்லது. விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினால், கண்ணுக்குத் தப்பிய உடைசல் நகத்துக்குத் தப்பாது. பூச்சில் சிலந்திவலை போல மயிரிழை வெடிப்புகள் இருந்தால், அழுக்கும் ஈரமும் உள்ளே இறங்கும் வழி அது. அத்தகைய தட்டு எவ்வளவு அழகானாலும் பார்வைக்கே. அதை வெளுக்கக் குளோரின் கலந்த வெளுப்பானில் ஊறவைப்பவர்கள் உண்டு. உள்ளே தங்கும் உப்பு பின்னர் பூத்துக் கிளம்பிப் பூச்சையே பெயர்த்துவிடும் என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. மாறாக, தட்டின் மேலுள்ள சாம்பல் நிறக் கோடுகளைக் கண்டு பலர் வீணாகப் பின்வாங்குகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை கீறல்களே அல்ல. கத்தியும் கரண்டியும் விட்டுச் சென்ற உலோகத் தடங்கள். சமையல் சோடாவை நீரில் குழைத்துத் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். மேற்பூச்சுச் சித்திரத்தின் மீது மட்டும் தேய்க்கலாகாது.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஏமாந்த நாள் உண்டு. ஒரு சந்தையில், மூடியோடு கூடிய ஒரு குடுவையை, ஒரு பழுதும் இல்லாதது என்ற உறுதிமொழியோடு ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். அன்று மழை மேகம், வெளிச்சம் குறைவு, எனக்கோ அவசரம். வீட்டுக்கு வந்து வெந்நீர் ஊற்றிக் கழுவியபோது கைப்பிடி என் கையிலேயே தங்கிவிட்டது. குடுவை மட்டும் தொட்டியில் விழுந்தது. பசையால் ஒட்டி, மேலே வண்ணம் தீட்டி மறைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு சிறிய புற ஊதா விளக்கு ஒன்றைப் பையில் வைத்திருக்கிறேன். பசையும் பிற்கால வண்ணமும் அந்த ஒளியில் பூச்சிலிருந்து வேறுபட்டுத் தெரியும். யுரேனியம் கலந்த கண்ணாடியும் அதே விளக்கில் பச்சையாக ஒளிரும் என்பதால் விளக்குக்கு இரட்டை வேலை.

கட்டுரையில் என்னைத் திடுக்கிடச் செய்த இன்னொன்று, பழைய தட்டுகளில் துளையிட்டு அடுக்குத் தாங்கி செய்வதையும், மங்கிய சித்திரத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளையாக்குவதையும் வீட்டிலேயே செய்யத்தக்க கைவேலையாகப் பரிந்துரைத்திருப்பது. பூச்சுக்குள் கட்டுண்டு கிடக்கும் ஈயத்தைத் தூளாக்கிக் காற்றில் விட இதை விட நேரான வழி இல்லை. தட்டில் உணவு வைப்பதால் வரும் தீங்காவது மெல்ல மெல்ல வருவது. ஈயத் தூசியோ தரையிலும் துணியிலும் படிந்து, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகும். இந்தப் பரிந்துரையைத் தாங்கள் வெளிப்படையாகத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சோதித்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். தேய்த்துப் பார்க்கும் வீட்டுச் சோதனைக் குச்சி நிறம் மாறினால் அதை நம்பலாம். மாறவில்லை என்பதற்காக ஈயம் இல்லை என்று நம்பக் கூடாது. எக்ஸ்-கதிர்க் கருவி பூச்சுக்குள் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். அதில் எவ்வளவு உணவுக்கு வரும் என்று சொல்லாது. அதைச் சொல்வது ஆய்வகத்தில் 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி 24 மணி நேரம் வைத்து அளக்கும் முறை. இந்த இரு வகை எண்களையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு, எல்லாமே நஞ்சு என்று ஒரு சாராரும் எதுவும் ஆகாது என்று மறு சாராரும் சண்டையிடுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆய்வகத்துக்கு அனுப்பும் அளவுக்கு ஒரு தட்டு முக்கியமில்லை என்றால், அதை அலமாரியில் வைத்துவிடுவதே என் வழக்கம்.

முதலீடு என்ற சொல்லைக் கட்டுரையில் நான்கு இடங்களில் கண்டேன். இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையும் இன்னொருவர் உண்மையில் கொடுத்த விலையும் ஒன்றல்ல. கார்னிங்வேரின் நீலப் பூச் சித்திரப் பாத்திரங்களுக்கு நகை விலை கேட்போரைப் பார்த்து, கோடிக்கணக்கில் செய்யப்பட்ட பொருளை அரிய பொருள் என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். இதற்கு மேல் இதைப் பேச விருப்பமில்லை.

விற்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. தட்டின் அடிப்பக்கத்தில் விலைச் சீட்டை ஒட்டும்போது முத்திரையின் மேல் ஒட்டாதீர்கள்; தெரிந்தால், உணவுக்கா பார்வைக்கா என்று ஒரு சொல் எழுதுங்கள். என் வீட்டில் ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் பென்சிலால் எழுதிய சிறு தாள் ஒன்று உண்டு: செய்தவர், ஏறத்தாழ எந்த ஆண்டு, அலமாரியா சமையலறையா. எனக்குப் பிறகு இவற்றைப் பெட்டியில் கட்டிக் கடைக்குக் கொடுக்கப் போகும் பிள்ளைகளுக்கும், அங்கிருந்து வாங்கிச் செல்லப் போகும் முகம் தெரியாத ஒருவருக்கும் அது உதவும்.

முடிவாக, அந்தப் படத்தில் இருந்த தட்டு இன்னும் படம் எடுத்தவரிடம் இருக்குமானால், எலுமிச்சையை எடுத்துவிட்டு அதைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஃபியஸ்டா தட்டுகளின் அடிவளையம் வரை பூச்சு மூடியிருக்கும். சூளையில் தட்டைத் தாங்கிய முனைகள் விட்டுச் சென்ற மூன்று சிறு தழும்புகளும் பெரும்பாலும் தெரியும். 1986க்குப் பிந்தையவற்றின் அடிவளையத்தில் பூச்சைத் துடைத்திருப்பார்கள். வெறும் மண் விரலுக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படும். வளையம் சொரசொரப்பாக இருந்தால் எலுமிச்சை அங்கேயே இருக்கட்டும். நான் பட்ட கவலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மூன்று தழும்புகள் தெரிந்தால், கட்டுரை வெளியான அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்